ஒரே துணியில் ஐந்து சட்டை

எஸ்.ஐ. வீட்டுக் கூடத்துச் சுவரில் குடும்பப் புகைப்படங்களுக்குக் குறைவில்லை. எஸ்.ஐ.தான் அவற்றில் குறைவு. மகளின் முதல் பிறந்தநாள் படத்தில் அவள் இல்லை; அன்றைக்கு ஊர்வலப் பாதுகாப்பு. கணவருக்கு அலுவலகத்தில் கேடயம் கொடுத்த படத்தில் இல்லை. அன்றைக்கு ஒரு நகைக்கடைக்குள் கூரையைப் பிரித்து இறங்கிய திருடன், திரும்ப ஏற வழி தெரியாமல் உள்ளேயே உட்கார்ந்திருந்தான். இந்த வீட்டுக்குக் குடிவந்த அன்று எடுத்த படத்தில் அவளுடைய கை மட்டும் இருக்கிறது. அதுவும் வாசலைப் பார்த்துப் போகிற கை, வண்டிச் சாவியோடு.

கணவர் இதைக் குத்திக் காட்டுகிற ஆள் இல்லை. அவர் ஒரு லிப்ட் கம்பெனியின் புகார்ப் பிரிவில் தொலைபேசி எடுக்கிறவர். பகலெல்லாம் நடுமாடியில் நின்றுபோன லிப்டுகளுக்காக மன்னிப்புக் கேட்பார். சாயங்காலமானால் நடுவில் எழுந்து போய்விட்ட மனைவிக்காக மன்னிப்புக் கேட்பார். பள்ளிக்கூடமோ பல் டாக்டரோ சொந்தக்காரர் வீட்டு விருந்தோ, செருப்பைக் கழற்றும்போதே ஆரம்பித்துவிடுவார்: "சாரிங்க, அவ டூட்டில இருக்கா."

குத்திக் காட்டுகிற வேலையைக் கணவரின் அக்கா எடுத்துக்கொண்டிருந்தார். மூன்று தம்பிகளையும் தன் புருஷனையும் ஒரே கயிற்றில் கட்டி நடத்துகிற நாத்தனார். முதுகுக்குப் பின்னால் அவருக்கு 'ஹெட் ஆபீஸ்' என்று பெயர். முகத்துக்கு நேரே வைக்கிற தைரியம் யாருக்கும் இல்லை.

கடைசித் தம்பிக்குக் கப்பலில் வேலை கிடைத்திருந்தது. போனால் திரும்ப இரண்டு வருடம் ஆகும். புறப்படும் முன் எல்லாரும் ஸ்டுடியோவில் ஒரு படம் எடுத்துக்கொள்ள வேண்டும் என்று ஹெட் ஆபீஸிலிருந்து உத்தரவு வந்தது. ஒரே துணி வாங்கி, ஆண்கள் நால்வருக்கும் தன் கையாலேயே நீலக்கட்டச் சட்டை தைத்தார் நாத்தனார். கடைசித் தம்பி எதையாவது மேலே கொட்டிக்கொள்வான் என்று உபரியாக இன்னொன்று.

அன்று காலை எஸ்.ஐ. பூட்ஸ் மாட்டிக்கொண்டிருந்தபோது நாத்தனார் வந்து எதிரே நின்றார்.

"சாயங்காலம் நாங்களே வேன்ல ஸ்டேஷனுக்கு வந்து உன்னை ஏத்திக்கிறோம். கேட்டுச்சா?"

"நானே வந்துருவேன் அண்ணி."

"நீ வர்ற லட்சணம் தெரியும். போன தடவ மாதிரி, இதோ வரா, அதோ வரான்னு நடுவுல எடம் விட்டு நிக்க மாட்டோம். நீ இல்லைன்னா நெருக்கி நின்னுக்குவோம்."

எஸ்.ஐ. சிரித்து மழுப்பிவிட்டு வண்டியைக் கிளப்பினாள். ஆனால் அந்தக் கடைசி வார்த்தை ஹெல்மெட்டுக்குள் புகுந்து கூடவே வந்தது. திட்டியிருந்தால் தட்டிவிட்டுப் போயிருப்பாள். நெருக்கி நின்றால் ஆள் குறைவது படத்தில் தெரியாது. கொஞ்ச நாள் போனால் அவர்களுக்கும் தெரியாது.

ஸ்டேஷனில் வேறு தலைவலி காத்திருந்தது. ஒரு ஆள் வீடு வீடாகப் போய், "மிஷின்ல கோளாறு, கடைக்குக் கொண்டுபோய்ச் சரி பண்ணித் தரேன்" என்று சொல்லித் தையல் மிஷின்களைத் தூக்கிக்கொண்டு போய்விடுவான். மிஷினும் வராது, ஆளும் வரமாட்டான். கடைசியாக ஏமாந்தவர் ஒரு தையற்காரம்மா. அந்த மிஷின்தான் அவருக்குச் சோறு போட்டது. சந்தேகத்தில் ஒருவனைப் பிடித்திருந்தார்கள். அவனோ, "நான் டிரைவருங்க. ஊசில நூல் கோக்கக்கூடத் தெரியாது" என்றே சாதித்தான். மிஷின் ஒன்றுகூடக் கிடைக்கவில்லை. தையற்காரம்மா வந்து 'இவன்தான்' என்று அடையாளம் காட்டினால் உண்டு. அதுவும் இன்றைக்குள். நாளைக்கு அவனை வைத்திருக்கச் சட்டத்தில் இடமில்லை.

ஆளைத் தனியாகக் காட்டி 'இவனா?' என்று கேட்கக் கூடாது. அவனைப் போலவே சாயல் உள்ள நாலு பேரோடு வரிசையில் நிறுத்திக் கேட்க வேண்டும். வழக்கை விசாரிக்கிற அதிகாரி அப்போது அறைக்குள்ளேயே இருக்கக் கூடாது. அதற்காக வேறு ஸ்டேஷனிலிருந்து ஒரு பெண் இன்ஸ்பெக்டர் வந்திருந்தார். கண்ணாடியைத் துடைத்துத் துடைத்து மாட்டுகிற, சிரிப்பை வீட்டிலேயே வைத்துவிட்டு வந்த அம்மா. எதிரே சந்தேக ஆசாமியின் வக்கீல் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருந்தார்.

நாலு பேருக்கு எங்கே போவது? சந்தேக ஆசாமி குள்ளம், நல்ல பருமன், பளபளவென்று முழு வழுக்கை. தலையில் முளைக்க வேண்டியதெல்லாம் மேலுதட்டில் வந்து முளைத்த மாதிரி கொத்து மீசை. ஏட்டு தெருத்தெருவாக அலைந்து மூன்று பேரைத் திரட்டிக்கொண்டு வந்தார்.

வக்கீல் முதல் ஆளை அடிமுதல் நுனிவரை அண்ணாந்து பார்த்தார். "இவர் பக்கத்துல என் கட்சிக்காரர் நின்னா, கொடிக்கம்பத்துக்குக் கீழ பானை வெச்ச மாதிரி இருக்கும். அடுத்து?"

"இவருக்கு வழுக்கைதான் சார்," என்றார் ஏட்டு. "முன்னாடி இருந்து மட்டும் பாக்கணும்."

"அடுத்து?"

மூன்றாமவர் எல்லாவிதத்திலும் பொருத்தமாக இருந்தார். வக்கீல் கிட்டே போய்ப் பார்த்தார். "ஏட்டையா, இவர் மீசை வேர்க்குது."

ரப்பர் ஸ்டாம்பு மையில் வரைந்த மீசை அது. அந்த மனிதர் உதட்டைத் துடைத்துக்கொள்ள, அது கன்னத்துக்குப் போனது. பெண் இன்ஸ்பெக்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"நேரம் போய்க்கிட்டே இருக்கு எஸ்.ஐ. ஆள் இல்லைன்னா இல்லைன்னு எழுதிட்டு நான் கிளம்பறேன்."

அந்த நேரம் பார்த்துத்தான் வாசலில் வேன் வந்து நின்றது.

இதை எப்படிச் சொன்னாலும் கூட்டிச் சொன்னது போலத்தான் இருக்கும். வேன் கதவு திறந்தது. முதலில் கணவரின் அண்ணன் இறங்கினார்: குள்ளம், பருமன், வழுக்கை, கொத்து மீசை, நீலக்கட்டச் சட்டை. அடுத்து கணவர்: குள்ளம், பருமன், வழுக்கை, கொத்து மீசை, நீலக்கட்டச் சட்டை. அடுத்து கடைசித் தம்பி. வயதில் சிறியவனானாலும் தலைமுடி விஷயத்தில் அண்ணன்களை எட்டிப் பிடித்துவிட்டவன். கடைசியாக நாத்தனாரின் கணவர். அவர் வேறு குடும்பத்தில் பிறந்தவர்தான். ஆனால் இத்தனை வருடம் நாத்தனார் கைச் சாப்பாடு சாப்பிட்டதில் அவரும் இந்த அச்சிலேயே வந்துவிட்டார்.

ஏட்டு ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு பார்த்தார். கண் கலங்கிவிட்டது அவருக்கு. "மேடம், கேக்காமலே அனுப்பியிருக்கான் ஆண்டவன்."

"அது எங்க வீட்டு ஆளுங்க!"

"எந்த வீடா இருந்தா என்ன மேடம்? தலையப் பாருங்க!"

"கூடாது," என்றாள் எஸ்.ஐ. "குடும்பத்த இதுல இழுக்கக் கூடாது."

பெண் இன்ஸ்பெக்டர் யோசித்தார். "சாட்சிக்கு இவங்களைத் தெரியுமா?"

"தெரியாது மேடம்."

"சந்தேகப்படற ஆளுக்கு?"

"தெரியாது."

"அப்ப சட்டத்துல தடை இல்ல. வக்கீல் சார்?"

வக்கீலுக்கு வாயெல்லாம் பல். ஒரே அச்சில் நாலு பேர். நடுவில் தன் ஆளை நிறுத்தினால் அவனைப் பெற்றவளுக்கே அடையாளம் தெரியாது. "முழு சம்மதம். ஆனா சட்டையும் ஒரே மாதிரி இருக்கணும்."

மகளோடு வேனிலிருந்து இறங்கி வந்திருந்த நாத்தனாரை வீட்டு ஆண்கள் எல்லாரும் பார்த்தார்கள். நாத்தனார் கைப்பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டார். உள்ளே உபரிச் சட்டை இருந்தது.

"நான் தெச்ச சட்டைய ஒரு திருடன் போட்டுக்கிறதா?"

"திருடன்னு இன்னும் முடிவாகல அண்ணி."

"ஒரே நிமிஷம் அக்கா," என்றார் கணவர். "இது முடிஞ்சா அவளும் கிளம்பிடுவா. இல்லைன்னா இந்த ஆளு விஷயமா ராத்திரி வரைக்கும் இங்கயே கெடப்பா."

நாத்தனார் சட்டையை எடுத்து ஏட்டின் கையில் போட்டார். "அழுக்காகாம திரும்ப வரணும்."

விதிப்படி எஸ்.ஐ. வெளியே தாழ்வாரத்தில் நிறுத்தப்பட்டாள். மகள் பெஞ்சில் உட்கார்ந்து கால் ஆட்டிக்கொண்டிருந்தாள். நாத்தனார் கதவில் காது வைக்காத குறைதான்.

உள்ளே பெண் இன்ஸ்பெக்டரின் குரல் கேட்டது. "நிதானமா பாருங்கம்மா. தெரிஞ்சா தோள்ல கை வைங்க." பிறகு கேமரா சத்தம்.

"போட்டோ எடுக்கறாங்களா?" என்றார் நாத்தனார்.

"ரெக்கார்டுக்கு அண்ணி. வரிசைல நின்னவங்க எல்லாரையும் எடுத்து வெக்கணும்."

"நம்ம வீட்டு ஆம்பளைங்க எல்லாரும் இருக்காங்க. நீ இல்ல." நாத்தனார் கொஞ்சம் யோசித்துவிட்டுச் சேர்த்தார்: "திருடன் இருக்கான்."

எஸ்.ஐ. தொப்பியைச் சரிசெய்வது போலச் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள். நாத்தனார் விடுவதாக இல்லை.

"உன் கேசு, உன் ஸ்டேஷன், உன் புருஷன். இதுலகூட நீ வெளிய நிக்கிற பாரு, அதுக்கும் ஒரு ஜாதகம் வேணும்."

செருப்புச் சத்தம் வரிசையின் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குப் போனது. திரும்பி வந்தது. தயங்கியது. தையற்காரம்மாவின் குரல் உடைந்து எழுந்தது. "ஏன்யா, ஒருத்தி வயித்துல அடிச்சிட்டு எப்படிய்யா இப்படிக் கல்லு மாதிரி நிக்கிறீங்க?"

அவர் பொதுவாக வரிசையைப் பார்த்துத்தான் கேட்டிருக்கிறார். அப்போது அவருக்கு நேர் எதிரே நின்றவர் பதில் சொல்லிவிட்டார். எஸ்.ஐ.க்கு அந்தக் குரலைத் தெரியும்.

"சாரிங்க. உங்க சிரமத்துக்கு மன்னிக்கணும். இனிமே இப்படி நடக்காம பாத்துக்கறோம்."

எஸ்.ஐ. கண்ணை மூடிக்கொண்டாள்.

"ஒத்துக்கிட்டான்!" உள்ளே தையற்காரம்மா அலறினார். "மேடம், ஒத்துக்கிட்டான்! பாத்துக்கறோமாம்! ஒரு கூட்டமே இருக்கு மேடம்!"

கதவு திறந்தபோது கணவரின் தோளில் தையற்காரம்மாவின் கை இறுக்கமாக இருந்தது. கணவரின் முகம் வெளிறிப் போயிருந்தது. அண்ணனும் தம்பியும் அக்கா புருஷனும், தங்களுக்கும் அவருக்கும் ஒட்டோ உறவோ இல்லை என்பது போல ஓரமாக ஒதுங்கி நின்றார்கள். சந்தேக ஆசாமி மட்டும் கல்யாண வீட்டு மாப்பிள்ளை மாதிரி தெளிவாக நின்றான்.

"வேணும்னு சொல்லலம்மா," என்றார் கணவர் மனைவியைப் பார்த்து. "யாராவது கொரல ஒசத்திக் கேட்டா தானா வந்துருது."

"நீங்க அவங்ககிட்ட பேசக் கூடாது," என்றார் பெண் இன்ஸ்பெக்டர். "சாட்சி உங்களைக் காட்டியிருக்காங்க. விசாரிச்சே ஆகணும். மிஷின் போன அன்னிக்கு சாயங்காலம் எங்க இருந்தீங்க?"

"பாப்பா ஸ்கூல்ல. பெத்தவங்க கூட்டம்."

அந்தச் சாயங்காலம் எஸ்.ஐ.க்கு நன்றாக நினைவிருந்தது. அவளும் அந்தக் கூட்டத்துக்குப் போயிருக்க வேண்டும். ஆனால் இதே ஆளிடம் முன்பே மிஷினைப் பறிகொடுத்த இன்னொருவர் வீட்டில் உட்கார்ந்து புகாரைக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

பெண் இன்ஸ்பெக்டர் வகுப்பு டீச்சரைத் தொலைபேசியில் பிடித்து, எல்லாருக்கும் கேட்கும்படி மேசையில் வைத்தார்.

"அவரா? வந்திருந்தாரே மேடம்," என்றது டீச்சரின் குரல். "எல்லாரும் போனதுக்கு அப்புறமும் இருந்தாரு. பாப்பாவோட அம்மா வராததுக்கு எங்கிட்ட சாரி சொன்னாரு. அப்புறம் கணக்கு டீச்சர்கிட்ட சொன்னாரு. போகும்போது வாட்ச்மேன்கிட்டயும் சொல்லிட்டுப் போனாராம். வாட்ச்மேன் ரெண்டு நாளா கேட்டுக்கிட்டிருந்தாரு, எதுக்கு சாரி சொன்னாருன்னு."

ஏட்டு சிரிப்பை அடக்கக் கொட்டாவி விடுவது போல வாயைப் பொத்திக்கொண்டார். கடைசித் தம்பி அடக்கவே இல்லை. எஸ்.ஐ.க்குச் சிரிப்பு வரவில்லை. வெளியில் யாரிடமிருந்தும் ஒரு வசவு சொல்கூடத் தன்மேல் விழாதது ஏதோ தன் சாமர்த்தியம் என்று அவள் நினைத்திருந்தாள். வாட்ச்மேன் வரைக்கும் ஒருவர் குடை பிடித்துக்கொண்டே வந்திருக்கிறார்.

"சரி, இவர் இல்ல," என்று பெண் இன்ஸ்பெக்டர் முடித்தார். "ஆனா சாட்சி தப்பான ஆளைக் காட்டிட்டாங்க. அதுவும் எழுதியாச்சு."

தையற்காரம்மா பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார். "எல்லாம் ஒரே மொகம் மேடம். நான் என்ன பண்ணுவேன்? வாய்விட்டுப் பேசினா கண்டுபிடிச்சிருப்பேன். அந்தப் பேச்சிலதானே ஏமாந்தேன்."

"அப்ப என் கட்சிக்காரர் கிளம்பலாம்," என்று வக்கீல் எழுந்தார்.

எஸ்.ஐ. பல்லைக் கடித்துக்கொண்டு வழிவிட்டாள். ஆசாமி எல்லாருக்கும் பொதுவாக ஒரு வணக்கம் வைத்துவிட்டு வாசலுக்கு நடந்தான். வாசலில் நாத்தனார் கையை நீட்டி நின்றார்.

"சட்டை."

"என்னம்மா?"

"என் சட்டைய கழட்டிக் குடுத்துட்டுப் போ. உனக்காகவா தெச்சேன்?"

"தாராளமா, தாராளமா." ஜெயித்த சந்தோஷத்தில் இருந்தவன் அங்கேயே பனியனோடு நின்று சட்டையைக் கழற்றினான். மடிக்கப் போனவன், உள்பக்கத் தையலைக் கண்டதும் கட்டைவிரலால் ஒருமுறை நீவினான். "யம்மா, துணி நல்ல துணி. கைவேலையும் குத்தம் சொல்ல முடியாது."

நாத்தனாரின் முகம் இளகியது. அவரைப் பாராட்டிய ஆண்கள் அந்த வீட்டில் யாருமில்லை.

"ஆனா அடிநூல் பாருங்க, லூசா ஓடியிருக்கு. உங்க மேல தப்பில்ல, மிஷின்லதான் கோளாறு."

வக்கீல் இருமினார்.

"ரொம்ப நாளா தடதடன்னு சத்தம் போடுமே?"

"ஆமா," என்றார் நாத்தனார் வியப்போடு.

வக்கீல் இன்னும் பலமாக இருமினார். ஆசாமி அவருடைய முதுகைத் தட்டிக்கொடுத்துவிட்டு மேலே போனான். "இங்க வெச்சுப் பிரிக்க முடியாதும்மா. கடைக்குக் கொண்டுபோயி, எண்ணெ போட்டு, பல்சக்கரம் மாத்தி, நாளைக்கே கொண்டாந்து எறக்கிடறேன். உங்க மிஷினா நெனைக்க மாட்டேன், எங்க அம்மா மிஷினா நெனைப்பேன்."

"எங்க அம்மா மிஷினா நெனைப்பேன்!" பெஞ்சிலிருந்து தையற்காரம்மா துள்ளி எழுந்தார். "இதேதான்! இதே வார்த்தை! இதச் சொல்லித்தானே தூக்கிட்டுப் போன!"

ஆசாமி கையிலிருந்த சட்டையைப் பார்த்தான். வக்கீலைப் பார்த்தான். வக்கீல் சுவரில் பல்லி தேடினார்.

"ஊசில நூல் கோக்கத் தெரியாதுன்னு சொன்னியே?" என்றார் பெண் இன்ஸ்பெக்டர்.

"பழக்கத்துல வந்துருச்சு மேடம்," என்றான் ஆசாமி தாழ்ந்த குரலில்.

"எனக்குத் தெரியுங்க," என்று கணவர் உண்மையான அனுதாபத்தோடு சொன்னார். "சாரிங்க."

"மிஷினெல்லாம் எங்க?"

"மச்சினன் வீட்டு மொட்டமாடில. தார்ப்பாய் போட்டு மூடி வெச்சிருக்கேன். மழை படாது."

அதற்குப் பிறகு எல்லாம் வேகமாக நடந்தது. தையற்காரம்மா ஆசாமியை இரண்டு அடி அடித்துவிட்டு அழுதார். ஏட்டு ஓடிப்போய்ப் பேப்பர் கொண்டுவந்தார். எஸ்.ஐ. பேனாவைத் திறந்துகொண்டு நாற்காலியை இழுத்தாள். புது வாக்குமூலம் எடுக்க வேண்டும், மொட்டை மாடிக்கு ஆள் அனுப்ப வேண்டும், தலைக்கு மேல் வேலை.

"நீங்க எங்க உக்கார்றீங்க?" என்றார் பெண் இன்ஸ்பெக்டர்.

"வாக்குமூலம் எழுத, மேடம்."

"நான் எழுதறேன். கண்டுபிடிச்சது உங்க நாத்தனார், மாட்டிக்கிட்டது உங்க புருஷன், சட்டை உங்க வீட்டுச் சட்டை. நான் முடிக்கிற வரைக்கும் நீங்க இந்தப் பக்கமே தலை காட்டக் கூடாது. நாளைக்குக் காலைல வாங்க."

"நான் இல்லாம எப்படி மேடம்? கேசு முழுக்க எனக்குத்தானே..."

"ஏட்டு இருக்காரு. நாங்க பாத்துக்குவோம்."

இவ்வளவு வருட வேலையில் 'நீ வேண்டாம்' என்று ஸ்டேஷன் சொன்னது இதுதான் முதல் தடவை. சந்தோஷப்பட வேண்டிய விஷயம். ஆனால் உண்மையைச் சொன்னால் அவளுக்குச் சுருக்கென்றது. வாசல்வரை போனாள். திரும்பி வந்தாள். ஏட்டு தப்பும் தவறுமாகத் தேதி போடுவது தூரத்திலிருந்தே தெரிந்தது. "மேடம், ஒரே ஒரு விஷயம் மட்டும்..." என்று கதவில் தலையை நீட்டினாள். பெண் இன்ஸ்பெக்டர் எழுந்து வந்து கதவைச் சாத்தினார்.

சாத்திய கதவுக்கு முன்னால் அவள் நின்றுகொண்டிருந்தபோது, வேன் பக்கமிருந்து கணவரின் குரல் கேட்டது. சன்னமான, பதமான, புகார்ப் பிரிவுக் குரல்.

"நீங்கள்லாம் கிளம்புங்க அக்கா. ஸ்டுடியோ மூடிருவாங்க, தம்பிக்கும் நேரமாச்சு. சாரிக்கா, அவளுக்கு இன்னும் கொஞ்சம்..."

எஸ்.ஐ. விறுவிறுவென்று படியிறங்கினாள்.

"யாரைக் கேட்டு சாரி சொல்றீங்க?"

கணவர் திடுக்கிட்டார். "இல்ல, நீ உள்ள..."

"உள்ள எனக்கு வேலை இல்லைன்னு கதவ சாத்திட்டாங்க. நகருங்க. அண்ணி, தள்ளி உக்காருங்க."

நாத்தனார் தள்ளி உட்காரவில்லை. இடம் ஏற்கெனவே இருந்தது. "போன் அடிச்சா?" என்று மட்டும் கேட்டார்.

"அடிக்கட்டும்."

"பாப்போம்," என்றார் நாத்தனார், நம்பிக்கையே இல்லாமல்.

ஸ்டுடியோக்காரர் கதவை இழுத்துப் பாதி இறக்கியிருந்தார். கணவர் வாயைத் திறப்பதற்குள் எஸ்.ஐ. முந்திக்கொண்டு தானே மன்னிப்புக் கேட்டாள். யூனிபாரத்தைப் பார்த்து மிரண்டுபோன அவர் ஓடிப்போய் விளக்குகளைப் போட்டார். நாத்தனார் எல்லாரையும் உயரப்படி நிறுத்தப் பார்த்தார். எல்லாரும் ஒரே உயரம் என்பதால் அந்த முயற்சியைக் கைவிட்டார். எஸ்.ஐ.யை நடுவில் இழுத்து நிறுத்தி, மகளை அவள் முன்னால் விட்டு, தானும் பக்கத்தில் வந்து நின்றார்.

"எல்லாரும் இங்க பாருங்க," என்றார் ஸ்டுடியோக்காரர். "சார், இங்க. நீல சட்டை சார். எல்லா நீல சட்டையும். பாப்பா, கேமராவப் பாரும்மா. பெரியம்மா, நீங்களுமா?"

பலமுறை எடுத்தார். எதுவும் சரியாக வரவில்லை. நேரமாகிவிட்டது, உள்ளதில் நல்லதாக ஒன்றைப் போட்டுக் கொடுங்கள் என்று வாங்கிக்கொண்டு, தம்பியை ஏற்றிவிட ஓடினார்கள்.

அந்தப் படம் இப்போது கூடத்தில் மாட்டியிருக்கிறது. எஸ்.ஐ. மட்டும் அடையாள அட்டைக்கு நிற்பது போல விறைப்பாக நேரே பார்க்கிறாள். மற்ற அத்தனை பேரும், நாலு வழுக்கைத் தலையும் நாத்தனாரும் மகளும், இன்னும் இருக்கிறாளா என்று கழுத்தைத் திருப்பி அவளையே பார்க்கிறார்கள்.